சொல்லிக் கொடுத்தது நானில்லை

கடலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய்ச் சிதம்பரத்தில் படிப்பவர்கள் பட்டம் வாங்குகிறார்களோ இல்லையோ, சீட் பிடிப்பதில் தேறிவிடுவார்கள். ஜன்னல் வழியாகக் கர்ச்சீப்பை வீசி இடம் போடுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை. வேதியியலில் என்னை மிஞ்சாத ஆளில்லை.

அந்த வேதியியலை என் மண்டையில் ஏற்றியவள் மஞ்சக்குப்பத்துக்காரி. என் வகுப்புத் தோழி. பாடம் இதுதான்: ஒரு மூலக்கூறில் ஒன்று உட்கார்ந்திருக்கும், அதை அனுப்பிவிட்டு இன்னொன்று வந்து உட்காரும். இதில் எஸ்.என். ஒன்று, எஸ்.என். இரண்டு என்று இரண்டு வகை. ரெண்டு வாரம் வகுப்பில் கேட்டும் எனக்கு ஒரு எழவும் விளங்கவில்லை. ஒருநாள் சாயங்காலம் நிற்க இடமில்லாத பஸ்ஸில் அவள் என் தோளைத் தட்டினாள்.

"ஏய், முன்னாடி பாரு. அந்தம்மா எப்ப எறங்கும்னு ஒருத்தரு காத்துக்கினு நிக்கிறாரு பாரு. மொதல்ல சீட்டு காலியாவணும், அப்புறந்தான் அவரு உக்காருவாரு. அது எஸ்.என். ஒண்ணு. இப்பப் பின்னாடி பாரு. ஒரு ஆளு இந்தப் பக்கம் இடிச்சி உக்கார்றான், உக்காந்திருந்தவன் அந்தப் பக்கமா எழுந்து போறான். ரெண்டும் ஒரே நேரத்துல நடக்குது. அது எஸ்.என். ரெண்டு."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான். தலய ஆட்டாத. பக்கத்துல இருக்கறவளுக்கு நீ சொல்லு. அவ முழிச்சான்னா ஒனக்குப் புரியலன்னு அர்த்தம்."

இது அவள் வைத்த சட்டம். புரிந்தவள் பஸ்ஸை விட்டு இறங்குவதற்குள் இன்னொருத்திக்குப் புரியவைக்க வேண்டும். ஆலப்பாக்கம் தாண்டும்போது அந்தப் பஸ்ஸில் பாதிப் பேர் வாத்தியாராக இருப்போம். கண்டக்டர் காதைப் பொத்திக்கொண்டு டிக்கெட் கொடுப்பார்.

அவளுக்கு பி.எட். படித்து டீச்சராக வேண்டும். அவள் அப்பாவுக்கு டயர் கடை. டிகிரி முடித்ததும் மகள் கல்லாவில் உட்கார வேண்டும், அப்புறம் கல்யாணம் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தார். ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்று இவள் ஒருநாள் சொல்லிப் பார்த்தாள். "பழமொழிலாம் நல்லாத்தான் இருக்குது. ஒன் மார்க்கு எங்க?" என்று கேட்டுவிட்டார். எனக்கு அவர்மேல் பொல்லாத கோபம்.

அப்போதுதான் எங்கள் துறையில் ஒரு புது அறிவிப்பு வந்தது. சக மாணவர்களுக்கு நன்றாகச் சொல்லிக்கொடுக்கும் மாணவருக்குப் பரிசாம். அவள் வீட்டில் போய்ச் சொன்னாள். "நீ அதுக்கு லாயக்குன்னு அவுங்களே சொல்லட்டும், பி.எட். சேத்து உடறேன்" என்றார் அப்பா. வகுப்பில் எல்லாருக்கும் இது தெரியும். பரிசு அவளுக்குத்தான் என்று நாங்களே முடிவும் செய்துவிட்டோம்.

இதற்கு நடுவே உள்தேர்வு வந்தது. வெளியேறும் அணு புதுச்சத்திரம் ஸ்டாப்பில் இறங்கிவிடும் என்று நான் விடைத்தாளில் எழுதிவைத்தேன். என்னைப் போல இன்னும் பலர் பஸ்ஸை ஓட்டியிருந்தார்கள். மறுவாரம் துறைத் தலைவர் விடைத்தாள் கட்டோடு உள்ளே வந்தார். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

"இந்த பஸ் கதைய உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது யாரு?"

அவள் எழப் பார்த்தாள். துப்பட்டாவைப் பிடித்து இழுத்து உட்கார வைத்துவிட்டு நான் எழுந்தேன். "நான்தான் சார்." திட்டு விழுந்தால் எனக்கு விழட்டும், பரிசு வாங்கப்போகிறவள் பேர் கெடக்கூடாது என்பது என் எண்ணம். வகுப்பும் சும்மா இருக்கவில்லை. "ஆமா சார், அவதான் சார்" என்று ஒரே குரலில் என்னைக் காட்டிக்கொடுத்தது. அவர் திட்டாமல் கட்டை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். தப்பித்தோம் என்று கேன்டீனில் சமோசா தின்றோம்.

மறுநாள் அறிவிப்புப் பலகையில் பரிசு பெறுபவர் பெயர் ஒட்டியிருந்தது. என் பெயர்.

அவள் "போனாப் போவுது உடுடி" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. அவளை இழுத்துக்கொண்டு தலைவர் அறைக்கு ஓடினேன்.

"சார், நான் பொய் சொன்னேன். சொல்லிக்கொடுத்தது இவதான்."

"சிநேகிதிக்காக விட்டுக்கொடுக்கிறியா? எஸ்.என். ரெண்டு என்னன்னு எனக்குச் சொல்லு பார்ப்போம்."

நானும் லூசு மாதிரி, கேட்டதும் ஆரம்பித்துவிட்டேன். அவர் மேசையிலிருந்த பேனாவையும் ஸ்டேப்ளரையும் பயணிகளாக்கி, யார் எந்தப் பக்கம் வருவார், யார் எந்தப் பக்கம் போவார் என்று விலாவாரியாகச் சொன்னேன். முடித்த பிறகுதான் உறைத்தது.

"நல்லாத்தானே சொல்லிக்கொடுக்குற" என்றார்.

"சார், மொத வருஷம் என் பேப்பரக் குடுக்கும்போது, ஒனக்கு இந்த ஜென்மத்துல கெமிஸ்ட்ரி வராதுன்னு நீங்களே சொன்னீங்க. இப்ப வந்துருக்கு. நீங்க சொல்லி வரல சார், இவ சொல்லி வந்துச்சு."

வாயை விட்டபிறகு உயிர் போய்விட்டது. அவர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு சிரித்தார். அன்றைக்கே பலகையில் பெயர் மாறியது.

விழாவுக்கு அவள் அப்பா கடையை அடைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் மேடை ஏறியதும் எங்கள் வகுப்பு கூரை அதிரக் கத்தியது. அவர் மட்டும் கை தட்டவில்லை. மேடையைப் பார்த்தபடியே இருந்தார். மனுஷன் மனசு மாறிவிட்டாரோ என்று எனக்குப் பதறியது. கொஞ்ச நேரம் கழித்து என் பக்கம் சாய்ந்தார்.

"ஏம்மா, அந்த பி.எட்.டுக்கு எப்ப அப்ளிகேஷன் குடுப்பாங்க?"

"கேட்டுச் சொல்றேன் அங்கிள்" என்றேன்.

"சீக்கிரம் கேளு. நான் கேட்டேன்னு அவகிட்ட சொல்லிடாத."