தரையில் கிடந்த பந்துக்கு நான் கொடுத்த அவுட்

பந்து தரையில் கிடந்தது. நான் அவுட் கொடுத்தேன். பிறகு, அதுதான் சரியான தீர்ப்பு என்று பொய்யும் சொன்னேன். ஆறு வருடங்களாக அந்தப் பொய்யின் தயவில் மரியாதையாக நடமாடிக்கொண்டிருக்கிறேன்!

நீங்கள் என்னைப் பார்த்திருக்கலாம். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் பெண்கள் சாஃப்ட்பால் நடந்தால், பந்தை அடிப்பவள் நிற்கும் ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் முகக்கவசமும் தொப்பையுமாக ஒருவன் குனிந்து நிற்பானே... அவன்தான். நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் என் பேச்சை ஒருவனும் காதில் போட்டுக்கொள்வதில்லை. ஞாயிற்றுக்கிழமையில் என் முஷ்டி உயர்ந்தால் இரண்டு அணியும் வாயை மூடும். அந்தச் சுகத்துக்காகத்தான் அம்பயர் ஆனேன். விளையாட்டின்மேல் காதல் என்று நாங்கள் சொல்லிக்கொள்வதெல்லாம் சும்மா!

விதி மிக எளிது. பேஸ்களைச் சுற்றி ஹோமுக்கு ஓடி வருகிறவளை, அங்கே கையுறையோடு காத்திருக்கும் கேட்சர் பந்தோடு தொட்டால் மட்டும் போதாது. தொட்ட பிறகும் பந்து கேட்சரின் பிடியில் நிற்க வேண்டும். மோதலில் நழுவினால் அவுட் இல்லை. ஒரே ஒரு விலக்கு உண்டு. பந்தை முழுதாக வசப்படுத்திய பிறகு, இன்னொரு பேஸில் ஓடுகிறவளை அவுட்டாக்க அங்கே எறிவதற்காக அவளே கையுறையிலிருந்து எடுக்கும்போது தவறவிட்டால், அவுட் அவுட்தான்.

ஆகவே ஒழுங்கான அம்பயர் அவசரப்பட மாட்டான். "பந்தைக் காட்டும்மா" என்பான். கையுறை திறந்து பந்து கண்ணில் பட்ட பிறகே கையைத் தூக்குவான்.

நான் அந்த ரகம் இல்லை. என் கை வேகமான கை என்று நாலு பேர் சொல்லிச் சொல்லியே எனக்குத் தலைக்கனம் ஏறியிருந்தது.

அன்று பள்ளிகளுக்கிடையேயான இறுதி ஆட்டம். கடைசி இன்னிங்ஸ், இரண்டு அணியும் சமம், இரண்டு பேர் அவுட், பேஸ்கள் காலி; ஓடுவதற்கு வேறு யாரும் நிற்கவில்லை. வேப்பம்பட்டிலிருந்து வரும் சங்கீதா என்ற பிளஸ் டூ மாணவி பந்தை மைதானத்தின் மூலைக்கு அடித்துவிட்டு, எல்லா பேஸையும் ஒரே மூச்சில் சுற்றி ஓடி வந்தாள். ஹோமைத் தொட்டால் அவள் பள்ளிக்கு வெற்றி. மாநிலப் போட்டிக்குப் போகலாம். அந்தச் சான்றிதழ் இருந்தால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் கல்லூரி சீட்டு கேட்கலாம். அவளுக்கு அதை விட்டால் வேறு வழியில்லை என்று அவளுடைய கோச் காலையிலேயே என்னிடம் சொல்லியிருந்தார். தெரிந்துதான் நின்றேன்!

ஒரே புழுதி. கேட்சரின் கையுறை சங்கீதாவின் தோளில் இடித்தது. "அவுட்!" என்று அலறிக் கையைத் தூக்கிவிட்டேன். தூக்கிய கையோடு குனிந்து பார்த்தால்... பந்து என் ஷூ பக்கத்தில் கிடக்கிறது! இடித்தபோதே கழன்று விழுந்திருந்தது.

இரண்டு கைகளையும் விரித்து "சேஃப்" என்று மாற்றியிருக்கலாம். ஒரு நிமிட அசிங்கம், அவ்வளவுதானே! ஒரு பெண்ணின் படிப்பைவிட அந்த ஒரு நிமிடம் எனக்குப் பெரிதாகப் போயிற்று. என்ன ஜென்மம் நான்?

கோச் ஓடி வந்தார். "இன்னா சார் இது! பந்து கீழ கீது, நீங்க பாட்டுக்கு அவுட்டுன்றீங்க!"

"கன்ட்ரோல் இருந்துச்சு சார். எறியறதுக்குக் கையில எடுக்கறப்பதான் நழுவுச்சு. ரூலைப் படிச்சிட்டு வாங்க."

ரூல் என்ற சொல்லைக் கேட்டதும் அந்த மனிதர் பம்மிவிட்டார். வெளியே யாரோ கைகூடத் தட்டினான், ரூல் தெரிந்த அம்பயராம்... தூ!

சங்கீதா எழுந்தாள். முழங்காலில் ரத்தம். சத்தம் போடாமல்தான் கேட்டாள்:

"சார், பேஸ்ல யாருமே இல்லியே. அவ யாருக்கு எறியறதுக்கு பந்த எடுத்தா?"

அந்த மைதானத்தில் மூளையோடு இருந்தவள் அவள் ஒருத்திதான். விரலை நீட்டி அவளை விரட்டினேன்:

"கேப்டன் மட்டும்தான் அம்பயர்கிட்ட பேசணும். போம்மா."

அவள் கேப்டன் இல்லை. போய்விட்டாள். சமநிலையை உடைக்கக் கூடுதலாக ஆடிய இன்னிங்ஸில் எதிரணி ஜெயித்தது.

போன வருடம் பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் அந்தக் கோச்சைப் பார்த்தேன். "அந்தப் பொண்ணு காலேஜுக்குப் போவல சார், ஆவடில துணிக்கடைல நிக்குது" என்றார். அதோடு விட்டாரா? "அன்னிக்கு நாந்தான் ரூல் தெரியாம கத்திட்டேன், மனசுல வெச்சுக்காதீங்க" என்று என்னிடமே மன்னிப்புக் கேட்டார்! நானும் பெரிய மனது பண்ணி, "பரவால்ல சார்" என்றேன். இதைவிடக் கேவலம் உண்டா, நீங்களே சொல்லுங்கள்!

உண்டு. அம்பயர் பயிற்சி வகுப்புகளில் அந்தத் தீர்ப்பை உதாரணமாகச் சொல்கிறார்கள். சொல்பவன் நான்தான். எல்லோரும் நோட்டில் எழுதிக்கொள்கிறார்கள். பேஸில் யார் இருந்தார்கள் என்று இன்றுவரை ஒருவரும் கேட்டதில்லை. எனக்குக் கிடைத்த மாணவர்களும் என் தகுதிக்கு ஏற்றவர்கள்தான்.

போன ஞாயிறு அம்பத்தூரில் ஓர் ஆட்டம். நான் வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். என் வகுப்பில் படித்தவர்தான் அம்பயர். ஹோமில் மோதல்; பந்து விழுந்தது. வேறு எந்த பேஸிலும் ஆள் இல்லை. அவர் அவுட் கொடுத்தார். விழுந்து கிடந்த பெண் எழுந்து என்னவோ கேட்க வாயெடுத்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்தார், சரிதானே என்று.

நான் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன்.