ரோட்டில் ஏறாமல் கழுகுமலை

என்னோடு வேலை பார்க்கிறவர்கள் சிலர் சனி, ஞாயிறுகளில் மட்டும் சைக்கிள் ஓட்டுகிறவர்கள். தலைக்கு ஒரு கவசம், கண்ணுக்கு ஒரு கண்ணாடி, சைக்கிளின் கழுத்தில் ஒரு செல்போன் என்று கல்யாணத்துக்குப் போகிற மாதிரி ஜோடித்துக்கொண்டு கிளம்புவார்கள். கோயம்புத்தூரைச் சுற்றியிருக்கிற பாதைகளையெல்லாம் மிதித்து முடித்துவிட்டு, சென்ற மாதம் என்னிடம் வந்தார்கள். உங்கள் கோவில்பட்டிப் பக்கம் பார்க்க லட்சணமான பாதை ஏதாவது உண்டா என்று கேட்டார்கள். கரிசல் காட்டில் லட்சணத்தைத் தேடி வருகிறார்களே என்று எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. உண்டு என்றேன். இடைசெவல் பக்கமிருந்து கழுகுமலை வரை, தார் ரோட்டில் சக்கரம் படாமல், கண்மாய்க் கரையும் வண்டிப்பாதையுமாகவே போய்விடலாம் என்றேன். நீ போயிருக்கிறாயா என்றார்கள். போயிருக்கிறேன். திரும்பி வந்த கதைதான் வேறு.

அப்போது நான் எட்டாம் வகுப்பு. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடமும் எட்டாம் வகுப்போடு தீர்ந்துபோகும். அதற்கு மேல் படிக்கவேண்டுமென்றால் கோவில்பட்டிக்குத்தான் போகவேண்டும். டவுன் பஸ் ஒன்று உண்டு. வருகிற நாளில் வரும், தோளில் பள்ளிக்கூடப் பையைக் கண்டால் நிற்காமல் போகும். சைக்கிளில் போகலாமென்றால் நாலுவழிச் சாலையில் போகவேண்டும். அப்பாவுக்கு அந்தச் சாலையைக் கண்டாலே ஆகாது. அது வந்த புதிதில் எங்கள் ஊரின் ஆடு மாடுகளில் கொஞ்சத்தைத் தின்றுவிட்டிருந்தது. லாரிகள் போகிற வேகத்தில் ரோட்டோரம் நிற்கிறவரின் வேட்டியே அவிழ்ந்துவிடும் என்பார். அதனால் என்னை மணியாச்சியில் இருக்கிற அத்தை வீட்டில் விட்டுப் படிக்கவைப்பது என்று முடிவு செய்துவிட்டார். மாமாவுக்கு அங்கே ரயில்வேயில் வேலை.

அத்தையைக் குறை சொல்ல முடியாது. போனால் திரும்பி வரும்போது ஒரு சுற்று பெருத்துத்தான் வருவேன். ஆனால் எனக்கு அம்மாவை விட்டு வேறு வீட்டில் படுத்தால் வயிறு வலிக்கும். எட்டாம் வகுப்புக்காரி வெளியில் சொல்லக்கூடிய வியாதியா அது? அதனால் ரயில் சத்தத்தில் பாடம் மண்டையில் ஏறாது என்று மட்டும் சொல்லிப் பார்த்தேன். அப்பா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அந்த அரையாண்டு விடுமுறையில் சித்தி வந்தாள். அம்மாவின் தங்கை. புதியம்புத்தூரில் ரெடிமேட் துணி தைக்கிற இடத்தில் வேலை. காலையில் வேன் வந்து அள்ளிக்கொண்டு போகும், இருட்டின பிறகு கொண்டுவந்து இறக்கிவிடும். பகல் பொழுது எப்படி இருக்கும் என்பதே மறந்துபோச்சு என்று சிரித்துக்கொண்டே சொல்வாள். என் வயிற்று வலியைப் பற்றி நான் சொல்லாமலே தெரிந்துகொண்டவள் அவள் ஒருத்திதான். வந்த அன்றைக்கே அப்பாவிடம் வழக்காடினாள். பிள்ளை நாலுவழிச் சாலையில் ஏன் போகவேண்டும், காட்டுப்பாதை இல்லையா, கண்மாய்க் கரையைப் பிடித்தால் கோவில்பட்டிக்குப் பின்புறமாகப் போய் இறங்கலாமே என்றாள். போய்க் காட்டட்டும் என்றார் அப்பா.

இதோடு நின்றிருந்தால் பள்ளிக்கூடம் வரைக்கும் போய்த் திரும்பியிருப்போம். ஆனால் சித்திக்குச் சின்னதாக எதையும் செய்யத் தெரியாது. பள்ளிக்கூடம் என்ன, கழுகுமலை வரைக்கும் காட்டுப்பாதையிலேயே போய்விட்டு வருகிறோம், அதற்குமேல் யாரும் வாய் திறக்கக்கூடாது என்று சொல்லிவிட்டாள். அவளுக்கும் வேன் ஜன்னல் இல்லாமல் எங்காவது போகவேண்டும் என்று ஆசை இருந்திருக்கிறது. 

“சரி, போயிட்டு இருட்டுமுன்ன வரணும். ரோட்டுல ஏறுனா மணியாச்சிதான்,” என்றார் அப்பா.

பிறகு நாங்கள் திட்டம் போட்டதைப் போல இந்த ஊரில் வேறு எதற்கும் யாரும் திட்டம் போட்டிருக்கமாட்டார்கள். சித்தி ஒரு நைட்டித் துணியின் வெட்டுத் துண்டைத் தரையில் விரித்து, துணியில் குறி போடுகிற சாக்கட்டியால் பாதை வரைந்தாள். தெருவில் போகிறவர்களையெல்லாம் நிறுத்தி வழி கேட்டோம். ஆடு மேய்க்கிற மாமா ஒருவர் கண்மாய், ஓடை, இலந்தைமரம் என்று சொல்லிக்கொண்டே போனார். அவருக்குப் பாதை ஆட்டுக்குத் தண்ணீர் கிடைக்கிற வரிசையில்தான் இருந்தது. மக்காச்சோளத்துக்கு மருந்தடித்துவிட்டு வந்த இன்னொருவர் காற்றாலைகளை வைத்து வழி சொன்னார். ஓடையைத் தாண்டினதும் வருகிற காத்தாடிக்கு வலது கைப் பக்கம் திரும்பு என்றார். சித்தி துணியில் காத்தாடிகளாகப் போட்டு நிரப்பினாள். காட்டில் எல்லாக் காத்தாடியும் ஒரே மாதிரி இருக்கும் என்பது அங்கே போன பிறகுதான் எங்களுக்கு உறைத்தது.

கிளம்புகிற அன்று விடியற்காலையில் சைக்கிள்களுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்பேனர் கிடந்தது. அப்பா மாட்டுத் தொழுவில் நின்றபடி, மட்கார்டைக் கழற்றிவிட்டுப் போங்கள் என்றார். எங்கள் பக்கம் மழைக்காலம் வந்தால் ஆண்கள் எல்லாரும் சைக்கிளின் மட்கார்டைக் கழற்றிப் பரணில் போட்டுவிடுவார்கள். கரிசல் மண் நனைந்தால் டயரோடு ஒட்டிக்கொண்டு மட்கார்டுக்குள் போய் அடைத்துக்கொள்ளும். ஆனால் வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. என் மட்கார்டில் நானே ஒட்டிய பூப்படம் வேறு இருந்தது. சித்தி பக்கத்து வீட்டு அண்ணனிடம் இரவல் வாங்கிய சைக்கிளோ புத்தம் புதுசு. மார்கழியில் எங்கே மழை என்று சொல்லிவிட்டுக் கிளம்பினோம்.

போன வழியைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் எனக்குப் போதாது. மழை முடிந்த காடு கண்ணுக்கெட்டின தூரம் பச்சையாகக் கிடந்தது. ஒரு பக்கம் உளுந்து, ஒரு பக்கம் பருத்தி பூவும் பிஞ்சுமாக. கொத்தமல்லிக் காட்டைத் தாண்டும்போது சித்தி சைக்கிளை நிறுத்திவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். காய்ந்த கரிசல் பாதை சிமெண்டுத் தரை மாதிரி ஓடியது. சீமைக்கருவேல முள் ஒன்று என் டயரைப் பார்த்துக் கிடந்ததும், அதைத் தாண்டிப் போனதும்தான் அன்று காலையில் நடந்த பெரிய ஆபத்து. காத்தாடியை மாற்றிப் பிடித்து யாரோ ஒருவருடைய கிணற்றடிக்குப் போய் நின்றோம். அங்கே இருந்த அம்மா எங்களுக்குத் தண்ணீர் கொடுத்து, யார் வீட்டுப் பிள்ளை என்று விசாரித்து, எங்களோடு கொஞ்ச தூரம் நடந்தே வந்து பாதையில் விட்டுவிட்டுப் போனாள். அந்த அம்மா நன்றாக இருக்கவேண்டும்.

கழுகுமலையின் பாறை மேல் ஏறி, கல்லில் செதுக்கின சமண உருவங்களுக்குக் கீழே உட்கார்ந்து எலுமிச்சம்பழச் சோறு சாப்பிட்டோம். வந்த வழி முழுவதும் கீழே தெரிந்தது. இனிமேல் உனக்கு மணியாச்சி கிடையாது என்று சித்தி சொன்னாள். நான் நம்பினேன்.

திரும்பும்போது பாதித் தூரம்கூட வந்திருக்கமாட்டோம். கிழக்கே ஒரு மேகம் எழும்பியது. முதலில் மண் வாசனை, பிறகு தூறல், பிறகு சோவென்று மழை. பெய்தது கொஞ்ச நேரம்தான். கரிசலுக்கு அதுவே தாராளம். காலையில் சிமெண்டுத் தரையாக இருந்த பாதை இப்போது செருப்பைப் பிடித்து இழுத்தது. டயரில் மண் ஏறி ஏறி மட்கார்டுக்குள் அடைத்து, சக்கரம் சுற்றுவதை நிறுத்திக்கொண்டது. குச்சியை விட்டு நோண்டினோம். நோண்டி நாலு எட்டு வைப்பதற்குள் மறுபடி அடைத்துக்கொண்டது. சித்தியின் துணியில் இருந்த சாக்கட்டிப் பாதை முழுவதும் கரைந்து, கழுகுமலையும் காத்தாடிகளும் ஒரே வெள்ளைக் கறையாக ஆகிவிட்டன. வழியில் பார்த்த ஆட்டுக்காரர்கள்கூடக் கிடையைத் தேடிப் போய்விட்டார்கள். அந்தக் காட்டில் எங்கள் இரண்டு பேரையும் தவிர ஆள் இல்லை.

ஒரு சைக்கிளை இரண்டு பேருமாகத் தூக்கிக்கொண்டு போய் வைப்பது, திரும்பி வந்து அடுத்ததைத் தூக்குவது என்று கொஞ்ச தூரம் போனோம். வடக்கே, கோவில்பட்டி ரோட்டில் ஒரு பஸ் போவது தெரிந்தது. அந்தப் பக்கம் ஒரு வண்டிப்பாதை பிரிந்தது. நான் அங்கே நின்றேன். ரோட்டுக்குப் போய்விடலாம் என்றேன்.

சித்தி என்னைவிடப் பிடிவாதக்காரி. அத்தானிடம் வாக்குக் கொடுத்தது நானில்லையா என்றாள். வெயில் அடித்தால் மண் காய்ந்துவிடும், கொஞ்சம் பொறு என்றாள். வெயில் எங்கே அடித்தது? மேற்கே பொழுது இறங்கிக்கொண்டிருந்தது.

“ஏட்டி, ரோட்டுல ஏறுனா உனக்கு மணியாச்சிதான். பெறவு எங்கிட்ட வந்து அழக்கூடாது,” என்றாள்.

“மணியாச்சிக்கே போறேன் சித்தி. இங்கன கெடந்து இருட்டிருச்சுன்னா என்ன செய்வோம்?”

இதைச் சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. வயிறும் வலித்தது.  சித்தி என் சைக்கிளின் முன்பக்கத்தைத் தூக்கி ரோட்டுப் பக்கம் திருப்பினாள்.

அந்த வண்டிப்பாதை ரோட்டில் ஏறுகிற இடத்தில் ஒரு டீக்கடை. அதன் முன்னால் ஒரு மொபெட். மொபெட்டுக்குப் பக்கத்தில் அப்பா. வயலில் வேலை செய்கிற பழைய சட்டையோடு, முழுக்க நனைந்துபோய் நின்றார்.  ஒளிந்துகொள்ளலாமென்றால் முழங்கால் வரை ஒட்டியிருந்த கரிசலோடு எங்கே ஒளிவது? அவர் எங்களை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். டீக்கடைக்காரரிடம் எங்களுக்கு டீயும் வடையும் கொடுக்கச் சொன்னார். ஒரு குச்சியை எடுத்துவந்து கீழே உட்கார்ந்து, என் சைக்கிளின் மண்ணை நோண்டி எடுக்க ஆரம்பித்தார்.

“மட்கார்டக் கழட்டச் சொன்னேம்லா,” என்றார். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு எங்களை முன்னால் விட்டு, மொபெட்டில் பின்னாலேயே வந்தார். கோவில்பட்டிக்குள் பஸ்களுக்கு நடுவில், மேம்பாலத்தைத் தாண்டி, அவருக்கு ஆகாத அந்த நாலுவழிச் சாலையில். பெரிய லாரி வந்தால் பின்னாலிருந்து ஒரு தடவை ஹாரன் அடிப்பார். நான் ஓரத்தில் ஒதுங்கிக்கொள்வேன். குற்றவாளியைப் பிடித்துக்கொண்டு போகிற போலீஸ் மாதிரி வருகிறாரே என்று நினைத்து வழி முழுவதும் அழுதேன். பின்னால் வந்ததால் அவருக்குத் தெரிந்திருக்காது.

வீட்டு வாசலில் அம்மா துண்டோடு நின்றாள். அப்பா மொபெட்டை நிறுத்திவிட்டு அவளிடம் சொன்னார்:

“காட்டுப்பாதையெல்லாம் ஆவாது. இவ ரோட்டுலயே பள்ளிக்கூடம் போவட்டும். ஓரமாத்தான் போறா.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பந்தயத்தில் தோற்றவளுக்குப் பரிசைக் கொடுக்கிறார்களே, அப்பாவுக்குக் கணக்குத் தெரியவில்லையா, இல்லை சேறு ஒட்டின கோலத்தைப் பார்த்து மனசு இரங்கிவிட்டாரா? எதுவாக இருந்தால் என்ன, இப்போது போய்க் கேட்டால் காரியம் கெட்டுவிடும் என்று வாயை மூடிக்கொண்டேன். சித்தியும் வாயை மூடிக்கொண்டாள். அவளுக்கு அது பெரிய காரியம். ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை அந்த ரோட்டில்தான் போய்வந்தேன். ராத்திரி என் வீட்டில், என் பாயில் படுத்தேன். அப்பாவை ஏமாற்றி வாங்கிய வரம் என்றே வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சைக்கிள் நண்பர்கள் கேட்டார்களே என்று, அந்தக் காட்டுப்பாதை இன்னும் இருக்கிறதா என்பதைத் தெரிந்துகொள்ளச் சென்ற வாரம் அம்மாவுக்குப் போன் போட்டேன். அவள் பாதையை விட்டுவிட்டு அந்த நாளைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டாள். முதல் தூறல் விழுந்ததுமே அப்பா மருந்தடிக்கிற டப்பாவைக் காட்டில் போட்டுவிட்டு மொபெட்டை எடுத்திருக்கிறார். வண்டியைக் காட்டுக்குள் இறக்கிப் பார்த்திருக்கிறார், அதுவும் சேற்றில் மாட்டிக்கொண்டது. தள்ளி ரோட்டில் ஏற்றிவிட்டு, அந்தக் காட்டில் மாட்டினவர்கள் ஏறி வரக்கூடிய ஒரே இடம் அந்த டீக்கடைதான் என்பதால் அங்கேயே நின்றிருக்கிறார். டீக்கடைக்காரரின் போனை வாங்கி அம்மாவிடம் பேசியிருக்கிறார். சத்தமே விளங்கவில்லையாம், அவ்வளவு நடுக்கமாம்.

“என்ன சொன்னாவ தெரியுமா?” என்றாள் அம்மா. “‘அவ ரோட்டுக்கு ஏறி வந்துட்டான்னா ரோட்டுலயே விட்டுருதேன். நான் சொன்னேங்கதுக்காகச் சேத்துலயே கெடந்தான்னா, அந்தப் பிள்ளைய நம்பி எங்கன அனுப்ப?’ன்னாவ.”

அம்மா அதற்குமேல் வேறு என்னவோ பேசினாள். எனக்குக் காதில் விழவில்லை. அப்பாவிடம் கொடு என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் மழை உண்டா, சாப்பிட்டாயா என்றுதான் கேட்டிருப்பார். இப்படி ஒருவர் எனக்குத் தகப்பனாக வாய்த்ததற்கு நான் யாருக்கு நன்றி சொல்ல? அன்று அந்த ரோட்டில் தோற்றுப்போனோம் என்று தேம்பிக்கொண்டே நான் மிதித்தேன். பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தவருக்கு அன்று பெரிய பயம் ஒன்று தீர்ந்திருந்தது. அது எனக்குத் தெரியவில்லை.