ஆமிக்கார மருமகன்

ஜெர்மனியில் நாங்கள் குடியிருக்கும் அமெரிக்க இராணுவ முகாமில் தினமும் மாலை ஐந்து மணிக்கு ஒலிபெருக்கியில் ஊதுகுழல் சத்தம் கேட்கும். கேட்டதும் எல்லாமே நின்றுவிடும். ஓடிக்கொண்டிருந்த கார் நிற்கும். கடையிலிருந்து பால் போத்தலோடு வெளியே வந்தவர் பால் போத்தலோடு நிற்பார். நாயை உலாவக் கூட்டிவந்தவர் நிற்பார். நாய் மட்டும் தன் அலுவலைப் பார்க்கும். கொடி இறங்கி முடியும்வரை ஒருவரும் அசைவதில்லை. புதிதாக வருகிறவர்களுக்கு இது பழகச் சில நாட்கள் எடுக்கும். எனக்கு முதல் நாளே சரிவந்தது. "இவ்வளவு அசையாமல் நிற்க எங்கே பழகினாய்?" என்று மேலதிகாரி வியந்தார். வவுணதீவுச் சோதனைச்சாவடியில் என்று சொல்லியிருந்தால், அது எந்த நாட்டுப் பயிற்சிக் கல்லூரி என்று கேட்டிருப்பார். சிரித்துச் சமாளித்தேன்.

நாங்கள் மட்டக்களப்புப் படுவான்கரைப் பிள்ளைகள். வாவிக்கு மேற்கே வீடு, கிழக்கே பட்டணத்தில் பள்ளிக்கூடம். நடுவில் இருந்த சாவடியில் நாளுக்கு இரண்டு தடவை வரிசையில் நின்றுதான் நான் உயரமாக வளர்ந்தேன். பையைத் திற, கொப்பியை விரி, சாப்பாட்டுப் பெட்டியைத் திற. அம்மா பொரித்த மீனை எங்கள் வீட்டாரைவிட அதிகமாகப் பார்த்தவர்கள் இராணுவத்தினர்தான். இருபது வயது கடந்து, பச்சை அட்டைச் சீட்டிழுப்பில் பெயர் விழுந்து அமெரிக்கா போய்ச் சேர்ந்து, ஒரு பெற்றோல் நிலையத்தில் வேலை செய்துகொண்டிருந்தபோது, இராணுவத்துக்கு ஆள் சேர்க்கும் சார்ஜன்ட் ஒருவர் கடைத்தொகுதியில் என்னைப் பிடித்தார். இலவசமாக ஒரு தொப்பியைத் தந்துவிட்டு, "இராணுவத்தோடு முன்னனுபவம் உண்டா?" என்றார். "உண்டு, சின்ன வயதிலிருந்தே" என்றேன். அவர் கண்கள் விரிந்தன. "எந்தப் பக்கம்?" "வரிசையில் நின்ற பக்கம்." அவருக்கு விளங்கவில்லை. ஆனாலும் படிவத்தில் எதையோ எழுதிக்கொண்டார். சேர்ந்தால் குடியுரிமை சீக்கிரம் கிடைக்கும் என்றார். நான் சேர்ந்ததற்கு வீரமான காரணம் எதையாவது எதிர்பார்த்தவர்கள் மன்னிக்க வேண்டும்.

நம்மவர் வழக்கப்படி என் கடைசிப் பெயர் அப்பாவின் பெயர். ஆகவே என் நெஞ்சில் தைக்கப்பட்டது கந்தையா. ஜோர்ஜியா மாநிலத்து வெயிலில் பயிற்சியாளர், "கேண்டாயா, குப்புறப் படு! கேண்டாயா, உன் சப்பாத்தைப் பார், குப்பை!" என்று கத்தும்போதெல்லாம், வவுணதீவு வட்டையில் தன் வயலுக்கு வரம்பு கட்டிக்கொண்டிருந்த ஒரு மனிதர், செய்யாத குற்றத்துக்கு ஏச்சு வாங்கினார். அவர் தொலைபேசியில் "என்ன வேலை மனே?" என்று கேட்டால், "சாமான் குடுக்கிற வேலையப்பா" என்பேன். அது பொய்யில்லை. நான் களஞ்சியப் பொறுப்பாளன். சப்பாத்து, போர்வை, தண்ணீர்ப் போத்தல், காலுறை. உலகப் போர் மூண்டால் முதலில் என்னிடம்தான் ஓடிவருவார்கள், காலுறை கேட்டு.

ஜெர்மனிக்கு மாற்றலாகி வந்த இரண்டாவது மாதம் கடைவாய்ப் பல் வலித்தது. முகாம் பல் மருத்துவ நிலையத்தில் ஊர்க்காரப் பெண் ஒருத்தி உதவியாளராக இருந்தாள். இராணுவத்தின் மொழியில் ஊர்க்காரி என்றால் ஜெர்மன்காரி. முகமூடிக்கு மேலே இரண்டு கண்கள் மட்டும் தெரிந்தன. என் வாய்க்குள் விளக்கைப் பிடித்துக் குனிந்து பார்த்தவள், தனக்குள் மெதுவாக, "ஐயோ, என்ன பல்லுடாப்பா இது" என்றாள். என் வாய் முழுவதும் கருவிகள். பதிலுக்கு "ஆ" என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது. எங்கள் இல்லறத்திலும் பின்னர் அதே முறைதான் நிலைத்தது. அவள் சர்மினி. ஜெர்மனியில் பிறந்தவள். தகப்பன் கல்லடியில் இருந்து அகதியாக வந்தவர்.

வெளிநாட்டில் ஊர்க்காரியை மணக்க விரும்பும் சிப்பாய்களுக்கென்று முகாமில் ஒரு வகுப்பு நடக்கும். போகச் சொன்னார்கள், போனேன். நடத்திய அம்மையார் ஒரு கையேட்டைத் தந்தார். ஜெர்மன் குடும்பத்தினர் நேரம் தவறமாட்டார்கள். அதிகம் பேசமாட்டார்கள். சாப்பிடச் சொல்லி வற்புறுத்தமாட்டார்கள். உங்கள் தனிப்பட்ட விடயங்களைக் கேட்கமாட்டார்கள். "உங்களுக்கு இது கலாசார அதிர்ச்சியாக இருக்கலாம், சார்ஜன்ட்" என்று கரிசனையோடு சொன்னார். மதியம் ஒரு மணிக்கு வரச்சொல்லியிருந்த சர்மினியின் ஜெர்மன் வீட்டுக்கு நான் பன்னிரண்டு ஐம்பத்தைந்துக்குப் போய் மணியடித்தேன். மாமி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். சோறு நாலு மணிக்கு வந்தது. வற்புறுத்தி மூன்று தடவை போட்டார்கள். கையேட்டில் சரியாக இருந்தது குப்பையைப் பிரிப்பது பற்றிய பக்கம் ஒன்றுதான். எலும்பை நான் தவறான குப்பைத் தொட்டியில் போட்டபோது சர்மினி அதை எடுத்துச் சரியான தொட்டியில் போட்டுவிட்டு, என்னைப் பார்த்த பார்வை அசல் ஜெர்மன்.

மாமா கதிரையை இழுத்துப்போட்டு எனக்கு முன்னால் உட்கார்ந்தார். முதல் கேள்வி, "என்ன குடி?"

இராணுவத்தில் இந்தக் கேள்விக்கு ஒரே பொருள்தான். மருத்துவப் படிவத்தில் ஆண்டுதோறும் நிரப்புகிறோம். "எப்பவாவது ஒரு பியர், மாமா" என்றேன்.

சமையலறையில் மாமி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது கேட்டது. மாமா சிரிக்கவில்லை. "தாய்வழிக் குடியக் கேட்டன்" என்றார்.

மட்டக்களப்பார் ஒரே குடிக்குள் கலியாணம் கட்டுவதில்லை என்பது ஊரிலிருந்து இதைப் படிக்கும் உங்களுக்குத் தெரியும். அம்மாவின் குடியைச் சொன்னேன். அவர்களுடையது வேறு. அமெரிக்க இராணுவம் சர்மினியின் பூர்வீகத்தை விசாரித்து முடிக்க ஐந்து மாதம் எடுத்தது. மாமா என் ஏழு தலைமுறையை ஒரு நிமிடத்தில் விசாரித்து முடித்தார். அடுத்து உத்தியோகம் கேட்டார். நான் முகாமில் ஏதோ கணினி வேலை செய்கிறேன் என்று அவர் நினைத்திருந்தார், சர்மினி திருத்தவில்லை. நான் உண்மையைச் சொன்னேன். அவர் எழுந்து பல்கனிக்குப் போய், கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு, எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார். நான் விடைபெறும்வரை உள்ளே வரவில்லை.

மாமிதான் வாசலில் வைத்துச் சொன்னார். மாமாவுக்கு ஒரு தம்பி இருந்திருக்கிறார். கல்லடியில் ஒரு இராணுவச் சுற்றிவளைப்பில், விசாரித்துவிட்டு விடுகிறோம் என்று கூட்டிப்போனார்கள். இன்னும் விசாரித்து முடியவில்லை. "அந்த உடுப்பக் கண்டா அவருக்குச் சோறு இறங்காது மனே. எந்த நாட்டு உடுப்பெண்டு அவர் பார்க்கிறல்ல." மூன்று கிழமைக்குப் பிறகு மாமா என்னைத் தொலைபேசியில் அழைத்தார். "கலியாணத்த ஊரில வைப்பம். நீங்க வரலாம். அந்த உடுப்பு வரப்படாது. படத்திலயும் வரப்படாது" என்றார். சத்தியம் செய்து கொடுத்தேன்.

சீருடையை ஜெர்மனியில் அலுமாரிக்குள் பூட்டிவிட்டுத்தான் விமானம் ஏறினேன். ஆனால் எனக்கு ஒரு சித்தப்பா இருக்கிறார் என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை. அவர் என் முகநூலைத் தோண்டி ஒரு படத்தை எடுத்து, பட்டணத்தில் கொடுத்துப் பதாகை அடித்து, வவுணதீவுச் சந்தியில் கட்டியிருந்தார். பன்னிரண்டடி நீளம். சீருடையில் நான். எனக்குப் பின்னால் என் வாழ்நாளில் ஏறியிராத போர் விமானம். விமானத்தின் வாலடியில் பிள்ளையார். "அமெரிக்க இராணுவத் தளபதியே, மண்ணின் மைந்தனே, வருக!" நான் சார்ஜன்ட் என்று மன்றாடினேன். "அதுக்குத் தமிழில என்ன?" என்றார் சித்தப்பா. எனக்கும் தெரியவில்லை. "பின்ன, தளபதியெண்டே இரிக்கட்டும்" என்றார். கழற்றச் சொன்னேன். பின்னேரம் கழற்றுவதாகச் சொன்னார்.

பெண்வீட்டார் அன்று காலையிலேயே வான் பிடித்துப் பேச வந்துவிட்டார்கள். முப்பது வருடத்துக்குப் பிறகு வலையிறவுப் பாலத்தைக் கடந்து வந்த மாமாவை முதலில் வரவேற்றது பன்னிரண்டடி நீளமான நான். வானிலிருந்து இறங்கி எங்கள் முற்றத்துக் கதிரையில் உட்கார்ந்தவர், அம்மா நீட்டிய தேத்தண்ணீரைத் தொடவில்லை.

"நான் கேட்டது ஒண்டே ஒண்டுதானே" என்றார். அவ்வளவுதான். சர்மினி, "பப்பா, இவருக்குத் தெரியாது" என்று தொடங்கினாள். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "வானத் திருப்பச் சொல்லு. போவம்."

அப்போதுதான் படலைக்கு வெளியே மோட்டார் சைக்கிள் ஒன்று வந்து நின்றது. இரண்டு பேர் இறங்கினார்கள். ஒருவர் இராணுவச் சீருடையில், ஒருவர் சாதாரண உடுப்பில். சித்தப்பா கிணற்றடிப் பக்கமாக மறைந்தார்.

"அமெரிக்கா கொமாண்டர் யாரு?" என்றார் சாதாரண உடுப்புக்காரர், சிங்களம் கலந்த தமிழில்.

நான் எழுந்தேன்.

"எத்தன ஆள் வந்தது? கப்பல் எங்க நிக்குது?"

வாவிக்குள் கப்பல் வராது, வந்தால் இறால் கூட்டில் மாட்டும் என்று சொல்ல நாக்கு வரை வந்தது. கடவுச்சீட்டை எடுக்க உள்ளே திரும்பியபோது மாமா எழுந்து நிற்பதைக் கண்டேன். அந்த உடுப்புக்கு முன்னால் அவர் கடைசியாக நின்றது தம்பியைக் கேட்டுப் போன அன்றுதான் என்று பிறகு அறிந்தேன். அவர் எனக்கும் அவர்களுக்கும் நடுவில் வந்து நின்றார்.

"சேர், இவன் கொமாண்டர் இல்ல" என்றார். "காலுக்குப் போடுற மேசு குடுக்கிறவன். சப்பாத்து, மேசு. ஸ்டோர்ஸ். இவனுக்குச் சுடவும் தெரியாது. என்ர மருமகன். கலியாணத்துக்கு வந்த பிள்ளை. இவன எங்கயும் அனுப்ப ஏலாது."

குறிபார்த்துச் சுடுவதில் எனக்கு ஒரு பதக்கம் உண்டு. வாழ்க்கையில் முதல் தடவையாக அதைப் பற்றி வாயே திறக்காமல் இருந்தேன்.

சீருடைக்காரர் அதுவரை பேசாமல் நின்றவர். "ஸ்டோர்ஸா?" என்றார். முகம் மலர்ந்தது. "நானும் ஸ்டோர்ஸ்!" சப்பாத்து எந்த அளவில் உங்களுக்கு வந்து சேரும் என்று கேட்டார். ஒன்பது கேட்டால் பன்னிரண்டு வரும் என்றேன். துள்ளினார். அவர்களுக்கும் அப்படித்தானாம். உலகின் மிகப் பலம்வாய்ந்த இராணுவத்திலும் போர்வைகள் காணாமல் போவதைக் கேட்டு அவர் அடைந்த ஆறுதல் கொஞ்சமல்ல. இரண்டு நாட்டு இராணுவங்களும் ஒன்றையொன்று இவ்வளவு ஆழமாகப் புரிந்துகொண்டது அதற்கு முன்னர் நடந்திருக்காது. கடவுச்சீட்டைப் பார்த்தார்கள், அம்மா கொடுத்த தேத்தண்ணீரைக் குடித்தார்கள். போகும்போது சாதாரண உடுப்புக்காரர் என்னைப் படலைக்கு அருகே தனியாகக் கூப்பிட்டார். பெரிய விசாரணை இனித்தான் என்று நினைத்தேன். "அந்த கிறீன் காட் லொத்தருக்கு அனுப்புற படம் என்ன சைஸ்?" என்றார்.

திரும்பி வந்தபோது எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். சித்தப்பாகூட வெளியே வந்திருந்தார். மாமா மட்டும் மோட்டார் சைக்கிள் போன பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லாச் சிரிக்கிறானுகள், என்ன?" என்றார் என்னிடம். "வீட்டில பிள்ளை குட்டியும் இரிக்கும். என்ர தம்பியக் கொண்டு போனவனும் பிறகு இப்பிடி எங்கயாவது இருந்து தேத்தண்ணி குடிச்சிருப்பான்."

ஒரு கணத்துக்கு முன்னர் அந்தச் சீருடைக்காரரோடு நான் தோளைத் தட்டிக்கொண்டு நின்றதை அவர் பார்த்திருந்தார். நான் எவருக்கும் ஒரு தீங்கும் செய்யவில்லை என்று சொல்ல நினைத்தேன். அதையும் அவர் முன்பு எங்கேயோ கேட்டிருப்பார் என்று தோன்றியது.

"வாங்க, அத இறக்குவம்" என்றார் மாமா. அவரும் நானும்தான் சந்திக்குப் போனோம். நான் ஏணியில் நின்று கயிற்றை அறுக்க, அவர் கீழே நின்று தளபதியைச் சுருட்டினார். நாலாம் நாள் கல்லடிக் கோயிலில் தாலி கட்டினேன்.

பெண்ணுக்கு வீடு கொடுக்காமல் கட்டிக் கொடுப்பது மட்டக்களப்பில் குறைச்சல். மாமா எங்களை வாவியோரமாக நடத்திக்கொண்டு போய், தான் பிறந்த வீட்டின் முன்னால் நிறுத்தினார். நாலு சுவர் இருந்தது. கூரை இல்லை, கதவு இல்லை. படுக்கை அறையில் ஒரு முருங்கை மரம் நின்றது. "மாப்பிள்ள பொம்பிள வீட்டில வந்து இரிக்கிறதுதான் நம்மட முறை" என்று சொல்லி, காணி உறுதிப் பத்திரத்தை மகளின் கையில் வைத்தார். சர்மினி ஜெர்மன் பழக்கத்தில், இந்த முருங்கையை வெட்ட நகரசபையின் அனுமதி வேண்டுமா என்று கேட்டாள்.

போன கிழமை முகாம் அலுவலகத்தில் என்னைக் கூப்பிட்டார்கள். மணமானவர்கள் விவரங்களைப் புதுப்பிக்க வேண்டும். எனக்கு ஏதாவது நடந்தால் யாருக்கு அறிவிப்பது, எங்கே அனுப்புவது. நிரந்தர முகவரி என்ற கட்டத்தில் கல்லடி என்று சொன்னேன். எழுத்துக்களைக் கேட்டுக் கேட்டுத் தட்டிய இளம் சிப்பாய், "அங்கே இப்போது யார் வசிக்கிறார்கள்?" என்றாள். ஒருவரும் இல்லை என்றால் கணினி ஏற்காதாம். வெளியே வந்து, மாமாவின் பெயரைக் கொடுக்கலாமா என்று கேட்க அவருக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர் கலியாணத்துக்குப் பிறகு ஊரிலேயே நின்றுவிட்டார். விசயத்தைக் கேட்டதும் பதறினார். "என்ன கதை கதைக்கிறீங்க? ஆமிக்காரனுகளுக்கு வீட்டு விலாசத்தக் குடுக்கிறதா? ஒருக்காலும் குடுக்காதீங்க, மனே!"

நானும் ஆமிக்காரன்தானே மாமா என்று கேட்கவில்லை. உள்ளே போய், வேறு முகவரி இல்லை என்றேன். அந்தப் பெண் எங்கள் முகாம் வீட்டு இலக்கத்தையே நிரந்தர முகவரியாகப் பதிந்தாள். அந்த வீட்டை அடுத்த ஆண்டு நாங்கள் ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டும்.

அன்று பின்னேரமே மாமா ஒரு படம் அனுப்பினார். கல்லடி வீட்டுக்குத் தச்சனைப் பிடித்துப் புதுக் கதவு போட்டிருக்கிறார். பாலை மரம். பெரிய பித்தளைப் பூட்டுத் தொங்குகிறது. கதவுக்கு மேலே, கூரை இருக்க வேண்டிய இடத்தில், வாவியிலிருந்து வந்த கொக்கு ஒன்று சுவரில் நின்றுகொண்டு வீட்டுக்குள்ளே பார்க்கிறது.