பத்து இடங்களைக் குறிக்கவும்

எனக்குப் பயம் வந்தால் முதலில் வயிற்றுக்குத்தான் தெரியும். மூளைக்குச் செய்தி போய்ச் சேர ஐந்து நிமிடமாவது ஆகும். மன்னார் நகரில் ஆசிரியர்களுக்கான கணினி நிலையத்தில் நான் வேலை பார்த்த காலத்தில் என் வயிறு நல்ல சுறுசுறுப்பாக இருந்தது.

சண்டை முடிந்து சனங்கள் ஊர் திரும்பத் தொடங்கியிருந்தார்கள். திரும்பத் திறந்த பள்ளிக்கூடங்களில் கூரைத் தகரம் மட்டும் புதிது. ஆசிரியர்களைப் பயிற்சிக்கென்று நகருக்கு அழைத்தால் இரண்டு பஸ் மாறி வருவார்கள், கடைசி பஸ்ஸைப் பிடிக்கப் பாதிப் பாடத்தில் எழுந்து போவார்கள். ஆகவே பயிற்சியை இணையத்தில் நடத்தலாம் என்று மேலிடம் முடிவெடுத்தது. சுற்றாடல் பாடத்தை எப்படிக் கற்பிப்பது என்ற தொகுதியை வடிவமைக்கும் வேலை என் தலையில் விழுந்தது. அதுவரை இணையத்தில் நான் செய்த பெரிய காரியம், லண்டன் மச்சாளின் கல்யாணப் படங்களுக்கு விருப்பம் போட்டதுதான்.

ஆனாலும் வடிவமைத்தேன், கொஞ்சம் பெருமையோடு. வாசித்துவிட்டுப் பொத்தானை அழுத்துவதெல்லாம் பாடமா? ஆசிரியர் கதிரையை விட்டு எழுந்து வெளியே போக வேண்டும். முதலாவது செயற்பாட்டை இப்படி எழுதினேன்: “உங்கள் பாடசாலையின் சுற்றாடலைப் படமாகக் கீறுக. உங்களுக்கு நன்கு தெரிந்த பத்து இடங்களைக் குறிக்கவும். தூரத்தைக் காலடியால் அளந்து எழுதவும்.” கீறியதைக் கைபேசியில் படம்பிடித்து ஏற்ற வேண்டும். ஒருவர் வேலையை மற்றவர் பார்த்துப் படிக்கட்டும் என்று, ‘எல்லோரும் பார்க்கலாம்’ என்ற பெட்டியில் சரி போட்டேன். எல்லோரும் என்றால் என்னிடம் பதிந்திருந்த முப்பத்தொரு ஆசிரியர்கள் என்று நினைத்தேன். அந்தப் பெட்டி அப்படி நினைக்கவில்லை.

எங்கள் ஆசிரியர்களைப்போல் சொன்னதைச் சொன்னபடி செய்பவர்கள் கிடைக்க மாட்டார்கள். ஒரு கிழமையில் முப்பத்தொரு படங்களும் வந்துவிட்டன. முதலாவதில் பள்ளிக்கூடம், கோயில், கருவாடு காயப்போடும் இடம், இராணுவ முகாம் வாசல் நூற்று நாற்பது காலடி. இரண்டாவதில் காவலரண் இரண்டு. ஒன்றின் பக்கத்தில், ‘பகலில் ஒருவர், இரவில் இருவர்’ என்று முத்து முத்தான எழுத்தில் குறிப்பு. மூன்றாவது ஆசிரியர் காவற்கோபுரத்துக்குப் பச்சை நிறமே தீட்டியிருந்தார்.

வயிறு புரண்டது. மூளை பத்தாவது படத்தில்தான் வந்து சேர்ந்தது. தீவு முனையான தலைமன்னாரிலிருந்து பெருநிலத்துக் கரை வரை எந்தக் காவலரண் எந்தப் பனைக்குப் பின்னால் நிற்கிறது என்பதை, உலகமே பார்க்கும் இடத்தில், காலடி அளவோடு, என் பெயரின் கீழ் சேர்த்து வைத்திருந்தேன்.

அவர்களில் பிழையில்லை. அந்த நாட்களில் வழி சொல்வதே “முகாமடியால திரும்புங்கோ” என்றுதான். அது பாடத்தை வடிவமைத்த மேதைக்கு மட்டும் ஞாபகம் வரவில்லை.

நிலையத்தின் பொறுப்பாளர் என் பழைய நண்பர். அவரை இழுத்துக்கொண்டு வந்து திரையைக் காட்டினேன்.

“மச்சான், கெதியா இதையெல்லாம் அழி.”

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஆறுதலாகப் பார்த்தார். “வடிவாத்தானே கீறியிருக்கினம்.”

“பேர் என்ரது. என்னைத்தான் கொண்டுபோவாங்கள்.”

“கொண்டுபோனாலும் ரெண்டு நாளில கொண்டுவந்து விட்டிடுவாங்கள். உன்ர கதையை ஆரால கேட்டுக்கொண்டிருக்கேலும்?”

சிரித்தார். ஆனால் எழுந்துபோய் வெளிக்கதவைச் சாத்தினார். அதைக் கண்டதும் எனக்கு இன்னும் பயம் கூடியது.

ஒவ்வொன்றாகத்தான் அழிக்க முடிந்தது. ஒவ்வொரு படத்துக்கும் கணினி ‘நிச்சயமாகவா?’ என்று கேட்டது. இணைப்போ, கடற்காற்று கொஞ்சம் பலமாக அடித்தாலே விட்டுப்போகும் இணைப்பு. பத்தொன்பதாவது படத்தில் திரை அப்படியே நின்றபோது வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. மாதத்துக்கு ஒருமுறை சிவில் உடுப்பில் வந்து, என்ன கூட்டம், யார் வந்தார்கள் என்று விசாரிக்கும் புலனாய்வுக்காரர். கதவைத் தட்டாமலே திறந்தார்.

நான் திரைக்கு முன்னால் போய் நின்றேன். என் உடம்பின் அகலம் அரச சேவைக்குப் பயன்பட்ட ஒரே நாள் அது.

“என்ன சேர், நல்லா வேர்க்குது?”

“கரண்ட் இல்லை.”

தலைக்கு மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அவர் அதை அண்ணாந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“இந்த ஒன்லைன் படிப்பு எல்லாருக்கும் ஏலுமா? மனுசி ஒரு கோர்ஸ் தேடுது.”

“இது ஆசிரியருக்கு மட்டும்,” என்றார் நண்பர், என் வாய் திறக்காததால்.

வந்தவர் கொப்பியை எடுத்து என் பெயரைக் கேட்டு எழுதினார். என் பெயர் அவருக்கு ஏற்கெனவே தெரியும். அவர் போனபின் நண்பர் தண்ணீர் கொடுத்தார். பாதி வாய்க்குள் போனது, மீதி சட்டையில்.

கடைசியாக மிஞ்சியது ஒரு ரீச்சரின் படம். பெருநிலத்துக் கரையில் ஒரு சிறிய பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர். ஊருக்குத் திரும்பியும் காணிக்குத் திரும்ப முடியாமல் தமக்கை வீட்டில் இருந்தார். படத்தில் முகாம் வேலியை ஒற்றைக் கோடாகக் கீறியிருந்தார். கோட்டுக்கு வெளியே நாலு இடங்கள். உள்ளே ஆறு: படலை, கிணறு, வேம்பு, ஆட்டுக்கொட்டில், குசினி, ‘என் வீடு’. உள்ளே இருந்தவற்றுக்கும் காலடிக் கணக்கு இருந்தது. கிணற்றிலிருந்து குசினிக்குப் பதினெட்டு.

‘நிச்சயமாகவா?’ என்று கணினி கேட்டது. ஆம் என்று அழுத்தினேன்.

அடுத்த நாள் காலையில் அவரே தொலைபேசியில் வந்தார்.

“சேர், என்ர படத்தைக் காணேல்லை.”

“இணையத்தில ஒரு கோளாறு ரீச்சர். எல்லாற்ற படமும் போயிட்டுது.”

“பரவாயில்லை சேர், தாள் கிடக்கு. இப்பவே திரும்ப ஏத்திறன்.”

“வேண்டாம்,” என்றேன். நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது.

அந்தப் பக்கம் பிள்ளைகளைச் சத்தம் போடாமல் இருக்கச் சொல்லிவிட்டுத் திரும்ப வந்தார்.

“பயந்திட்டீங்களோ சேர்?”

பகிடி விட ஏதாவது கிடைக்குமா என்று தேடினேன். ஒன்றும் கிடைக்கவில்லை.

“ஓம் ரீச்சர்.”

“நல்லாத் தெரிஞ்ச இடம் எண்டு நீங்கள்தானே கேட்டனீங்கள்,” என்றார். குரலில் கோபம் இருக்கவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

அன்றே செயற்பாட்டைத் திருத்தினேன்: “பாடசாலை வேலிக்கு உட்பட்ட பத்து இடங்களைக் குறிக்கவும்.” எல்லோரும் புதிதாகக் கீறி அனுப்பினார்கள். தண்ணீர்த்தாங்கி, மணி, மலசலகூடம். யாருக்கும் ஆபத்தில்லாத, யாரும் எதையும் படிக்காத முப்பது படங்கள்.

முப்பத்தொன்றாவதான ரீச்சரின் படத்தில் ஒன்பது இடங்கள்தான் இருந்தன. பத்தாவதாக, வேலியிலிருந்து வெளியே, முகாம் பக்கமாக ஓர் அம்புக்குறி. நுனியில் பெயர் இல்லை, காலடிக் கணக்கு மட்டும் இருந்தது.

அதைப் பார்த்ததும் வயிறு வழக்கம்போல வேலையைத் தொடங்கியது. பத்துக்குப் பத்துப் புள்ளி போட்டேன். அம்புக்குறியை அழிக்கவில்லை. இதைத் துணிச்சல் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அவரையும் என்னையும் தவிர வேறு எவரும் பார்க்க முடியாதபடி பூட்டி, சரியாகப் பூட்டுப்பட்டதா என்று மூன்று தரம் பார்த்தபின்தான் அழிக்காமல் விட்டேன்.