அம்மாவை மாமாவாக்கிய ஸ்பெல் செக்

போன வாரம் வீட்டுக்குப் புதுக் கம்ப்யூட்டர் வந்தது. மாட்டிக் கொடுக்க வந்த பையன், ஈமெயில் எல்லாம் செட் பண்ணிவிட்டுக் கேட்டான்: "ஸ்பெல் செக் ஆன் பண்ணிடவா மேடம்?"

"வேண்டவே வேண்டாம்!"

நான் போட்ட சத்தத்தில் அவன் மவுஸிலிருந்து கையையே எடுத்துவிட்டான். பாவம், அவனுக்கு என்ன தெரியும்? ஜெசிந்தா கதை தெரிந்திருந்தால் அவனே கேட்டிருக்க மாட்டான்.

பல வருஷங்களுக்கு முன்னால், ராமநாதபுரத்தில் நான் வேலை பார்த்த ஆபீஸில் ஜெசிந்தா டைப்பிஸ்ட். ஊர் அக்காள்மடம். தினமும் பாம்பன் பாலம் தாண்டி பஸ்ஸில் வந்து போவாள். புருஷன் சேவியருக்கு மஸ்கட்டில் ஒரு ஐஸ் கம்பெனியில் வேலை. மூன்று வருஷமாக 'இந்தா வாரேன்... அந்தா வாரேன்' என்று சொல்லிக்கொண்டே இருந்தார். வரவில்லை.

அந்தச் சமயத்தில் ஜெசிந்தாவின் மாமியார் ரெஜினாவுக்கு, ராமநாதபுரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் கர்ப்பப்பை ஆபரேஷன். நல்லபடியாக முடிந்தது. மறுநாள் காலையில் ஜெசிந்தா ஆஸ்பத்திரியிலிருந்து என் வீட்டுக்கு ஓடி வந்தாள்.

"அக்கா, மஸ்கட்டுக்கு அவுகளுக்கு ஒரு மெயில் போட்டுக்கிறேன். அங்கன பதறிக்கிட்டு இருப்பாக."

நான் ஆஸ்பத்திரிக்குக் கொடுத்துவிடக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தேன். அவள் என் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து மடமடவென்று அடித்தாள். அப்போது எங்களுக்குத் தமிழில் டைப் செய்ய ஏது வசதி? தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடிப்பதுதான் வழக்கம். 'ஆபரேஷன் முடிஞ்சிருச்சு. அம்மா நல்லா இருக்காங்க. கஞ்சி குடிச்சாங்க. நீங்க கவலைப்படாம வேலையப் பாருங்க.'

அவ்வளவுதான். அனுப்பும் பட்டனை அமுக்கினாள். உடனே ஒரு பெட்டி எட்டிப் பார்த்தது. அதுதான் ஸ்பெல் செக். ஒவ்வொரு வார்த்தையிலும் நின்று, இது தப்பு, அது தப்பு என்றது. அவளுக்கோ அவசரம். எண்டர், எண்டர், எண்டர்... தட்டிவிட்டு, தூக்குவாளியை எடுத்துக்கொண்டு பறந்துவிட்டாள்.

பெட்டி என்ன செய்தது தெரியுமா? தனக்குப் புரியாத நீளமான வார்த்தைகளை அப்படியே விட்டுவிட்டது. சின்ன வார்த்தையான 'அம்மா'வைப் பிடித்துக்கொண்டது. அதனுடைய இங்கிலீஷ் அகராதியில் அம்மா இல்லை. கிட்டத்தட்ட அதே எழுத்துகளோடு இருந்தது 'மாமா'. மாற்றிவிட்டது.

மஸ்கட்டில் சேவியர் படித்தது இதுதான்: 'ஆபரேஷன் முடிஞ்சிருச்சு. மாமா நல்லா இருக்காங்க. கஞ்சி குடிச்சாங்க. நீங்க கவலைப்படாம வேலையப் பாருங்க.'

ஜெசிந்தாவுக்கு மாமா என்றால் சேவியருடைய அப்பா. ஆபரேஷன் அம்மாவுக்கு. அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அப்பா நல்லா இருக்கிறாராம்... கஞ்சி குடித்தாராம். எந்த வீட்டில் இப்படிச் சேதி சொல்வார்கள்? சாவு விழுந்த வீட்டில்தானே!

வீட்டுக்குப் போன் போட்டிருக்கிறார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எல்லோரும் ஆஸ்பத்திரியில், யார் எடுப்பது? பக்கத்து வீட்டு நம்பரும் அவரிடம் இருந்தது. அதைப் போடவில்லை. பிறகு என்னிடம் சொன்னார்: "கேட்டா சொல்லிருவாகளேன்னு பயமா இருந்துச்சுக்கா."

மேனேஜரிடம் அழுது லீவு வாங்கி, திருவனந்தபுரம் வந்து, பஸ் மாறி மாறி அக்காள்மடத்தில் இறங்கியபோது நாலைந்து நாள் ஓடிவிட்டது. எல்லாம் முடிந்திருக்கும் என்று நினைத்தவர், வீட்டுக்குப் போகவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேரே கல்லறைத் தோட்டத்துக்குப் போய்விட்டார்.

அங்கே புது மண்மேட்டைத் தேடி அலைந்திருக்கிறார். சர்ச்சில் மணி அடிக்கும் பெரியவர் பார்த்துவிட்டார்.

"யாரு, சேவியரா? எப்ப வந்த? இங்கன என்னத்தத் தேடுற?"

"அம்மாவ எங்கன வச்சிருக்கீக?"

"எங்கன வைக்கிறது? வீட்லதான். நேத்துத்தான் வேன்ல கொண்டாந்தாக."

பிணத்தைத்தான் சொல்கிறார் என்று நினைத்துவிட்டார் சேவியர். அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். பெரியவர் தன் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனார்: "வந்ததும் வராததுமா எம் பொஞ்சாதிய ஏசுது உங்கம்மா. ஆஸ்பத்திரில இருந்தப்ப அவ கோழிக்கு ஒழுங்காத் தண்ணி வைக்கலையாம்..."

அதற்குமேல் சேவியர் அங்கே நிற்கவில்லை. ஓடினார்.

ரெஜினாம்மா கட்டிலில் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மகனைப் பார்த்ததும் முதலில் மிரண்டு போனார். "ஏலே! வேலைய விட்டுட்டியா?" சேவியர் அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி கேவிக் கேவி அழுதார்.

அன்று சாயங்காலம் ஜெசிந்தா அவரையும் கூட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். முகமெல்லாம் வீங்கியிருந்தது. "நான் அம்மான்னுதான் அடிச்சேன்க்கா. சத்தியமா. இவுகளைக் கல்லறைக்குப் போக வச்சுட்டேனே..."

அனுப்பிய மெயிலைத் திறந்து பார்த்தோம். மாமா உட்கார்ந்திருந்தார். பிறகு செட்டிங்ஸுக்குள் போய் மொழிப் பட்டியலைத் தேடினோம். அமெரிக்க இங்கிலீஷ் இருந்தது, பிரிட்டிஷ் இங்கிலீஷ் இருந்தது. ஸ்பானிஷ், பிரெஞ்சு... தமிழைக் காணோம். ஸ்பெல் செக்குக்கு நேராக இருந்த டிக்கை சேவியரே எடுத்துவிட்டார்.

ஜெசிந்தாவுக்கு மனசு ஆறவில்லை. வீட்டுக்குப் போயும் அழுதிருக்கிறாள். ரெஜினாம்மாதான் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சொன்னாராம்:

"எதுக்குப் பிள்ள அழுகுற? ஆபரேஷனுக்குத் தள்ளிட்டுப் போறப்ப, எம் மகன் மூஞ்சிய ஒருக்காப் பாத்துட்டா தேவலன்னு இருந்துச்சு. ஆருகிட்டயும் சொல்லல. அந்தப் பெட்டி மட்டும் ஒழுங்கா எழுதியிருந்தா, இவன் வந்திருப்பானா?"

இதைக் கேட்டபோது எனக்குச் சுருக்கென்றது. யோசித்துப் பாருங்கள். மெயில் ஒரு எழுத்துப் பிசகாமல் போயிருந்தால் என்ன சொல்லியிருக்கும்? அம்மா நல்லா இருக்காங்க, நீங்க வேலையப் பாருங்க... அவ்வளவுதானே? நாம் எல்லோருமே தூரத்தில் இருப்பவர்களுக்கு இதைத்தான் எழுதுகிறோம். இங்கே எல்லோரும் நலம், கவலைப்படாதே. வலிப்பதைச் சொல்ல மாட்டோம். வா என்று கூப்பிட மாட்டோம். அதைத் திருத்த எந்த ஸ்பெல் செக் இருக்கிறது?

சேவியர் கிறிஸ்துமஸுக்கு வைத்திருந்த லீவையும் சேர்த்துத் தின்றுவிட்டு மஸ்கட் திரும்பினார். அடுத்த மாதம் டாக்டரைப் பார்க்க வந்த ரெஜினாம்மா, ஜெசிந்தாவோடு என் வீட்டுக்கும் வந்தார். கம்ப்யூட்டர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"மகனுக்கு நான் சொல்றத அடி பிள்ள. நல்லா இருக்கேன்னு அடிக்காத. குனிஞ்சா இடுப்பு வலிக்குதுன்னு அடி. ஒன்னயத் தேடுதுன்னு அடி."

ஜெசிந்தா தயங்கி என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். அப்படியே அடித்தாள்.

நீங்களும் அடுத்த மெயிலில் 'இங்கு அனைவரும் நலம்' என்று அடிக்கும் முன்னால் ஒரு நிமிஷம்... நிஜமாகவே நலம்தானா?