பானையோடு போனவர்

வெள்ளைக்காரத் துரை தேயிலைத் தோட்டத்தை விட்டுப் போன வருஷம், பங்களாவில் ஆயாவாக இருந்த எனக்குத் துரைசாணி ஒரு படம் கொடுத்தார். கண்ணாடிச் சட்டத்துக்குள் உள்ளங்கை அகலத்தில், கறுப்பு மையில் அச்சடித்த பழைய காலத்துச் சண்டைப் படம்.

நடுவில் இரும்புத் தொப்பி போட்ட ஒரு பெண், கையில் தீவட்டி. காலடியில் முறிந்த ஏர். தூரத்தில் எறும்புச் சாரி போல மனிதர்கள். நான் தூசி தட்டும்போது துரைசாணி அரைகுறைத் தமிழில் விளக்கியிருந்தார்: அந்தப் பெண்தான் யுத்தம், தீவட்டி என்றால் எரிகிற ஊர், ஏர் முறிந்தால் பஞ்சம். நடந்து போகிறவர்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

தொழிலாளர் லயத்தில் எங்களுக்கிருந்த ஒற்றை அறைக் காம்பராவின் சுவரில் அதை மாட்டினேன். என் அக்காவும் எங்களோடு இருந்தாள். கல்யாணமாகி மலாயா ரப்பர் தோட்டத்துக்குப் போனவள். சண்டைக் காலத்தில் ஜப்பான்காரன் அத்தானைச் சயாமுக்கு ரயில் ரோடு போடக் கொண்டுபோனான். அவர் திரும்பவில்லை. செத்தார் என்று கடுதாசியும் வரவில்லை. அதனால் என்னிடம் வந்து சேர்ந்த பிறகும் அக்கா பொட்டை அழிக்கவில்லை. அதைப் பற்றிப் பேசவும் இல்லை.

கொழுந்தெடுத்துவிட்டு வந்தவள் வெறுங்கூடையை இறக்காமலே படத்துக்குக் கிட்டே போனாள். துரைசாணி சொன்னதைச் சொன்னேன். அவள் காதில் வாங்கவில்லை. சாரியின் கடைசி ஆள்மேல் நகத்தை வைத்தாள்.

"இவன் பானைய தூக்கிட்டுப் போறான் பாரு."

எனக்குப் புள்ளியாகத்தான் தெரிந்தது. "மூட்டையா இருக்கும்க்கா."

"பானைதான். மூணு மாசத்துல திருப்பி அனுப்பிருவோம்னாங்க. அங்க ஆக்கித் திங்கணுமேன்னு உங்க அத்தானும் பானையோடதான் லாரியில ஏறுனாரு, புள்ள."

அவள் அழவில்லை. எனக்குத்தான் அந்தச் சுவரைப் பார்க்கப் பயமாகிவிட்டது. அடுப்பு வெளிச்சம் ஆடும்போது சாரி நகர்வதாகத் தோன்றும். கழற்றிவிடலாமா என்று ஒருநாள் கேட்டேன்.

"அவரு போட்டோ ஒண்ணுகூட எங்கிட்ட இல்லயே" என்றாள்.

அந்தத் தீபாவளிக்குத்தான் அத்தானுக்கு முதல்முறையாகப் படையல் வைத்தோம். அக்கா வெறும் நெற்றியோடு வந்தாள். கண்ணாடியில், அந்தப் புள்ளிக்கு நேராகச் சந்தனம் தொட்டு வைத்தாள். நான் இலை போட்டுச் சோறு பரிமாறினேன்.

"இன்னொரு எலை போடு."

"யாருக்குக்கா?"

"அவருக்கு முன்னால போறாங்களே, அவங்களுக்கு."

போட்டேன். அக்கா செத்துப்போன பிறகும் அந்த இரண்டாவது இலையை நான் நிறுத்தவில்லை. பாசம் என்று சொல்லமாட்டேன்; நிறுத்தப் பயம்.