சுஹெண்டார் வீட்டுப் பழுப்புக் குட்டிகள்

இந்தோனேசியாவின் சிமாஹியில் முடிதிருத்தும் கடை வைத்திருந்த சுஹெண்டார், தன் மலைப்பாம்பின் முட்டைகள் பொரியத் தொடங்கிய அன்று தெருவுக்கே மஞ்சள் சோறு போட்டார். அப்பன் பாம்பு மஞ்சள், அம்மா பாம்பும் மஞ்சள். பிள்ளைகள் வேறென்னவாக இருக்கும்?

ஆறு முட்டையும் பொரிந்தன. ஆறும் அடுப்படித் துணி நிறத்தில், கறுப்பும் பழுப்புமாக வந்து விழுந்தன.

தெருவில் பழுப்பு ஆண் பாம்பு வைத்திருந்தது பக்கத்து வீட்டு ஓமான் ஒருவர்தான். பஞ்சர் ஒட்டுகிறவர்.

"உன் பய சுவரேறி வந்திருக்கான்டா, ஓமான்!"

"காங், எலியத் தூக்கி வாய்க்கு நேரா நீட்டினாத்தான் அவன் சாப்பிடவே செய்வான். அவனா சுவரேறுவான்?" என்றார் ஓமான். சுஹெண்டாரை அண்ணன் முறையில் 'காங்' என்றுதான் கூப்பிடுவார்.

விவகாரம் தெருத் தலைவர் ஜாஜாங்கிடம் போனது. அவர் டேப் வைத்துச் சுவரின் விரிசலை அளந்தார். குற்றவாளியை வாளியில் கொண்டுவரச் சொல்லி, சுவரோரம் விட்டு ஏறுகிறதா என்று ஒரு மணி நேரம் பார்த்தார். அது சுருண்டு தூங்கியது. 'ஒத்துழைக்கவில்லை' என்று நோட்டில் எழுதிக்கொண்டார்.

சோறு சாப்பிட வந்திருந்த வீடா என்ற மருத்துவச்சி, தானும் பாம்பு வளர்ப்பவள். தாய்ப்பாம்பை வெயிலில் திருப்பிப் பார்த்தாள்.

"இவ உடம்புல ஊதா ஓடுது பாருங்க. அப்பன் சுத்த வெள்ளையும் மஞ்சளும். ரெண்டும் வேற வேற குறை, காங்."

"குறையா? தேடித்தேடி வாங்கினதும்மா!"

"கறுப்பு நிறம் உண்டாக உடம்புல ரெண்டு வேலை நடக்கணும். அப்பனுக்கு ஒண்ணு கெட்டுப்போச்சு, அம்மாவுக்கு இன்னொண்ணு. அவன்கிட்ட இல்லாததை இவ குடுத்தா, இவகிட்ட இல்லாததை அவன் குடுத்தான். ரெண்டு வேலையும் நடந்துச்சு, குட்டிங்க கறுத்துப் போச்சு. உங்க வீட்டுப் பிள்ளைங்கதான்."

"அப்ப அந்த மஞ்சள்?"

"உள்ள ஒளிஞ்சிருக்கு. இதுங்களையே ஜோடி சேர்த்தா பதினாறுக்கு ஏழு வெளுப்பா வரலாம். உறுதியில்ல. ஒவ்வொரு முட்டையும் தனித்தனி சீட்டுக் குலுக்கல்."

சுஹெண்டாருக்கு முகம் சுண்டிப்போனது. ஓமானின் கையைப் பிடித்தார்.

"என்கிட்ட எதுக்கு?" என்றார் ஓமான். "பேர் கெட்டது அவனுக்கு. அவன்கிட்ட கேளுங்க."

தெருவே பார்க்க, சுஹெண்டார் வாளிக்குள் குனிந்தார். "தப்பா நெனச்சுட்டேன்பா. மனசுல வச்சுக்காத."

பாம்பு விழிக்கவில்லை. "மன்னிச்சுட்டாருன்னு எழுதிக்கறேன்," என்று நோட்டை மூடினார் ஜாஜாங்.

மூன்று வருடம் கழித்து, அந்தக் குட்டிகளில் அண்ணனுக்கும் தங்கைக்கும் ஐந்து முட்டைகள். ஒன்று பளிச்சென்று மஞ்சளாக வந்தது. பார்க்க வந்தவர்கள் எல்லாம் அதைச் சூழ்ந்துகொள்ள, சுஹெண்டார் மற்ற நான்கு பழுப்புக் குட்டிகளையும் மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.